வாத்தியார் வீட்டு அலமாரியை இணையத்தில் ஏற்றுவதற்கு முன்

நீங்கள் கேட்டதை என் சொல்லில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் காலமாகிவிட்டார். அவர் சேர்த்து வைத்திருந்த நானூறு சொச்சம் புத்தகங்கள், நாலைந்து சிற்றிதழ்களின் பழைய இதழ்கள், எழுத்தாளர்கள் அவருக்குப் போட்ட தபால் கார்டுகள், அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகங்கள் கொஞ்சம், எல்லாவற்றையும் அவருடைய மகன் உங்கள் குழுவிடம் ஒப்படைத்துவிட்டார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு பெட்டி நனைந்தும் போயிருக்கிறது. ஸ்கேன் செய்து எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் போட ஆசைப்படுகிறீர்கள். "காசு வாங்கப் போவதில்லை, புத்தகங்களையும் எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். அப்புறமும் அனுமதி வேண்டுமா? வேண்டுமென்றால் யாரிடம், எப்படி வாங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் மூன்று கேள்வி இருக்கிறது. எதற்கு அனுமதியே தேவையில்லை, எதற்குக் கட்டாயம் தேவை, தேவை என்று தெரிந்தும் கொடுக்க ஆள் கிடைக்காததை என்ன செய்வது. முதல் இரண்டுக்கும் சட்டத்தில் ஓரளவு தெளிவான பதில் உண்டு. மூன்றாவதுதான் உங்கள் நாட்களைத் தின்னும்.

நான் நூலக அறிவியல் படித்தவன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் பழைய நூல்களை மின்னாக்கம் செய்யும் குழுக்களுக்காக வீடு வீடாகப் போய் அனுமதி வாங்கும் வேலையைப் பதினான்கு ஆண்டுகள் பார்த்தேன். வக்கீல் இல்லை. ஆகவே சட்டத்தில் எழுதியிருப்பதை எழுதியிருப்பதாகவும், என் அனுபவத்தில் கண்டதை அனுபவமாகவும் பிரித்துச் சொல்கிறேன். 'வக்கீலிடம் கேளுங்கள்' என்று எங்கே சொல்கிறேனோ, அங்கே உண்மையாகவே கேளுங்கள். காப்புரிமை, பதிப்புரிமை என்று இரண்டு சொல்லும் புழக்கத்தில் இருக்கின்றன. காப்புரிமை என்பதைக் கண்டுபிடிப்புகளுக்கும் சொல்கிறார்கள் என்பதால் நான் பதிப்புரிமை என்றே எழுதுகிறேன்.

'காசு வாங்கவில்லை' என்பதை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பார்ப்பது நகல் எடுத்தீர்களா, அதைப் பொதுமக்களுக்கு எட்டும்படி வைத்தீர்களா என்பதைத்தான். லாப நோக்கம் இல்லாமல் செய்தது என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்க இடமிருக்கிறது, அவ்வளவுதான். புத்தகம் உங்கள் கையில் இருப்பதும் அப்படியே. மகன் உங்களுக்குக் கொடுத்தது தாளையும் மையையும். அந்தத் தாளில் அச்சாகியிருக்கும் எழுத்தின் உரிமை அவருடைய அப்பாவிடம் ஒருநாளும் இருந்ததில்லை. அப்பாவே எழுதிய கட்டுரைகளும் நாட்குறிப்புகளும் இருந்தால் அது வேறு. அவற்றுக்கு மகனும் அவருடைய உடன்பிறந்தவர்களும் அனுமதி தரலாம். அதை இப்போதே, வீட்டில் எல்லோரும் நல்ல மனநிலையில் இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

நனைந்த பெட்டிகளைப் பற்றிப் பதறியிருக்கிறீர்கள். ஸ்கேன் செய்வதும் இணையத்தில் போடுவதும் இரண்டு வேலைகள். முதல் வேலைக்கு இரண்டாவதற்கான அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2012 திருத்தத்தில் ஒரு வசதி வந்தது. வணிக நோக்கில்லாத பொது நூலகம், தன்னிடம் ஏற்கெனவே அச்சுப் பிரதி உள்ள ஒரு நூலைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமித்து வைக்கலாம், அது உரிமை மீறல் ஆகாது. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத புத்தகம் என்றால் நூலகத்தின் உபயோகத்துக்கு மூன்று நகல் வரை எடுக்கவும் வழி இருக்கிறது. ஆனால் இரண்டும் 'பொது நூலகம்' என்ற சொல்லில் தொங்குகின்றன. நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்த குழுவையோ, ஒரு வீட்டின் மாடியறையையோ அந்தச் சொல்லுக்குள் அடைப்பது சிரமம். என் யோசனை, ஊரில் பொதுமக்கள் வந்து போகும் ஒரு நூலகத்துக்கு அந்தச் சேகரத்தை முறைப்படி எழுதிக் கொடுத்து, நீங்கள் அதற்காக வேலை செய்பவர்களாக இருங்கள். ஸ்கேன் கோப்பு வட்டில் பத்திரமாக இருக்கட்டும். எதை வெளியே விடுவது என்பதைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

இனி கணக்கு. நூலை எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகள், இதுதான் பொது விதி. முன்பு 50 ஆக இருந்தது. 1941-இல் மறைந்த தாகூரின் எழுத்து பதிப்புரிமையிலிருந்து விடுபடவிருந்த நேரத்தில் அதை 60 ஆக்கினார்கள். நூல் எப்போது அச்சானது என்பது பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராது. எழுதியவர் எப்போது கண்ணை மூடினார் என்பதுதான் வரும். நம் பக்கத்து ஆட்களை வைத்தே பார்த்துவிடலாம். ரசிகமணி டி.கே.சி. 1954-இல் மறைந்தார், 2015 ஜனவரி 1 முதல் அவர் எழுத்து பொதுச் சொத்து. வையாபுரிப் பிள்ளை 1956, ஆகவே 2017. ராஜவல்லிபுரத்து ரா.பி. சேதுப்பிள்ளை 1961, ஆகவே 2022. அதே ராஜவல்லிபுரத்து வல்லிக்கண்ணன் 2006-இல் மறைந்தவர். அவருடைய எழுத்து, நாட்டுடைமை ஆகியிருக்காவிட்டால், 2067 வரை காத்திருக்க வேண்டும். ஒரே வீட்டிலேயே இந்த வித்தியாசம் உண்டு. பாஸ்கரத் தொண்டைமானும் தொ.மு.சி. ரகுநாதனும் அண்ணன் தம்பி. அண்ணன் 1965-இல் மறைந்தார், தம்பி 2001-இல். அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புத்தகங்களுக்கு நடுவே 36 ஆண்டு இடைவெளி. அதனால் புத்தகங்களைத் தலைப்பு வாரியாகவோ வெளியான ஆண்டு வாரியாகவோ அடுக்காதீர்கள். இறந்த ஆண்டு வாரியாக அடுக்குங்கள். கேட்க ஒரு மாதிரி இருக்கும், வேலை பாதியாகக் குறையும்.

இதற்கு மேல் தமிழ்நாட்டில் நமக்கென்று ஒரு கிளை வழி இருக்கிறது, நாட்டுடைமை. அரசு குடும்பத்தாருக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு எழுத்தைப் பொதுவாக்கிவிடும். பாரதியின் எழுத்தில் 1949-இல் தொடங்கியது. புதுமைப்பித்தன் எழுத்து 2002-இல் நாட்டுடைமை ஆயிற்று. அவர் 1948-இல் இறந்தவர், ஆகவே 2008-ஆம் ஆண்டு முடிவோடு சட்டப்படியான காலமும் தீர்ந்தது. இன்று அவர் கதைகளுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டாம். உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் தமிழ் வளர்ச்சித் துறையின் நாட்டுடைமைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் அரசாணை நகலையே எடுத்துக் கோப்பில் வையுங்கள். 'நாட்டுடைமை ஆகிவிட்டதாம்' என்ற பேச்சை மட்டும் நம்பி ஏற்றாதீர்கள். ஆகிவிட்டதாகச் சொல்லப்பட்ட இரண்டு பேர் பட்டியலிலேயே இல்லாததை நான் பார்த்திருக்கிறேன்.

நூலாசிரியரின் எழுத்து விடுபட்டுவிட்டது என்பதற்காகக் கையில் இருக்கும் பதிப்பு முழுதும் விடுபட்டதாக ஆகாது. பதிப்பாசிரியரின் முன்னுரை, அடிக்குறிப்பு, பின்னிணைப்பு எல்லாம் அவருடைய எழுத்து. அட்டை ஓவியம் ஓவியருடையது. சங்க நூலின் மூலம் யாருக்கும் சொந்தமில்லை, அதற்கு 1990-இல் ஒருவர் எழுதிய உரை அவருக்குச் சொந்தம். வெறும் அச்சுக் கோத்த அமைப்புக்கென்று தனி உரிமை சில நாடுகளில் உண்டு, நம் சட்டத்தில் இல்லை. ஆகவே சேதுப்பிள்ளையின் கட்டுரை நூலைப் போன வருடம் யாரோ மறுபதிப்பாகப் போட்டிருந்தால் கட்டுரைப் பக்கங்களை ஸ்கேன் செய்யலாம். புது முன்னுரையையும் புது அட்டையையும் விட்டுவிடுங்கள். பாடவேறுபாடு பார்த்துச் செம்மை செய்த பதிப்பு என்றால் கொஞ்சம் குழப்பம்தான். 2007-இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம், உழைப்பு மட்டும் போதாது, சிறிதளவாவது படைப்புத் தன்மை இருந்தால்தான் உரிமை என்றது. ஒரு செம்பதிப்பில் அந்தச் 'சிறிதளவு' எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நானும் நீங்களும் தீர்மானிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் பழைய முதல் பதிப்பைத் தேடி அதை ஸ்கேன் செய்வதே நல்லது. படிப்பவருக்கும் அதுதான் சுவை.

புனைபெயர் விஷயத்தில் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். பெயரில்லாமலோ புனைபெயரிலோ வந்த எழுத்துக்கு, வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆனால் அந்தக் காலம் முடிவதற்குள் எழுதியவர் யார் என்று வெளியே தெரிந்துவிட்டால் மறுபடி இறந்த ஆண்டுக் கணக்குக்கே வந்துவிடும். வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை என்று கவிதைக்குக் கீழே இருந்தால் அது புதுமைப்பித்தன் என்றும், திருச்சிற்றம்பலக் கவிராயர் என்றால் ரகுநாதன் என்றும் உலகத்துக்கே தெரியும், சிக்கலில்லை. எனக்குச் சிக்கல் வந்தது அவ்வளவாகப் பிரபலமாகாத ஒருவரால். ஒரு சிற்றிதழில் நான்கு கவிதைகள். அதே பெயரில் ஒருவர் மறைந்ததாக ஒரு விழா மலரில் இரங்கல் குறிப்பு இருந்தது. இறந்த ஆண்டைப் பதிவேட்டில் எழுதி, கணக்குப் போட்டு, ஏற்றிவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. "தம்பி, அந்தக் கவிதை என்னுது. நான் இன்னும் சாகலை, சங்கரன்கோவில்லதான் இருக்கேன்." உயிர் போய்விட்டது எனக்கு. மனிதர் கோபப்படவில்லை. மூன்றாவது கவிதையில் 'வயல்' என்று எழுதியதை அச்சுக்காரர் 'வயது' ஆக்கிவிட்டாராம், அதைத் திருத்தினால் போதும் என்றார். படத்தில் திருத்த முடியாது, கீழே குறிப்புப் போடுகிறேன் என்றேன். அந்த நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு ஆள் இறந்ததற்கு இரண்டு தனித்தனிச் சான்றாவது இல்லாமல் பதிவேட்டில் ஆண்டு எழுதுவதில்லை. நம் ஊரில் ஒரே பெயரில், ஒரே தலைப்பெழுத்தோடு தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள், கவனம்.

தபால் கார்டுகளுக்கு வருகிறேன். உங்கள் சேகரத்தில் மதிப்பும் ஆபத்தும் அதிகமுள்ளது அதுதான். திருநெல்வேலி எழுத்தாளர்கள் கார்டு எழுதியே வாழ்ந்தவர்கள். வல்லிக்கண்ணனும் விமர்சகர் தி.க.சி.யும் முகம் தெரியாத இளைஞர்களுக்கெல்லாம் எழுதினார்கள். அநேகமாக உங்கள் ஆசிரியர் போன்ற ஒவ்வொருவர் வீட்டிலும் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு இருக்கும். அந்தக் கார்டு வாங்கியவருடையது, அதில் உள்ள வாசகம் எழுதியவருடையது. ஆசிரியரின் மகன் கார்டை உங்களுக்குத் தரலாம், அதை வெளியிடும் உரிமையை அவரால் தர முடியாது. அதற்கு எழுதியவரின் வாரிசைத்தான் கேட்க வேண்டும். இது உறுதி.

இதில் பலருக்குத் தெரியாத இன்னொரு முடிச்சு உண்டு. எழுதியவர் உயிரோடிருந்தபோது வெளியாகாத எழுத்துக்கு, இறந்த ஆண்டுக் கணக்கு கிடையாது. இறந்த பிறகு என்றைக்கு முதன்முதலில் வெளியாகிறதோ, அங்கிருந்து 60 ஆண்டு. அதாவது, 1950-இல் இறந்தவர் எழுதிய கார்டை நீங்கள் இன்று முதன்முறையாக வெளியிட்டால் இன்றுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அந்த உரிமை உங்களுக்கு வராது, எழுதியவரின் வாரிசுக்குத்தான். இதற்கு ஒரு விலக்கும் சட்டத்திலேயே இருக்கிறது. பொதுமக்கள் போய்ப் பார்க்கக்கூடிய நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ இருக்கும் வெளியாகாத எழுத்தை, எழுதியவர் இறந்து 60 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால், ஆய்வுக்காகவோ வெளியிடும் நோக்கத்தோடோ நகல் எடுக்கலாம். சேகரத்தை ஒரு பொது நூலகத்தின் பெயரில் வைக்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். விலக்கு நகல் எடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. நிரந்தரமாக இணையத்தில் வைப்பது வரை அது நீளுமா என்பதை வக்கீலிடம் கேளுங்கள்.

உரிமை கிடைத்துவிட்டது என்பதற்காகவும் எல்லாக் கார்டையும் போட்டுவிடாதீர்கள். நான் பார்த்த ஒரு கட்டில், நல்ல இலக்கிய விமர்சனம் ஒன்றரை பத்தி ஓடுகிறது. கடைசி இரண்டு வரியில், இன்னார் வாங்கிய 200 ரூபாய் கைமாற்றைத் திருப்பித் தரவில்லை, அவர் மனைவிக்கும் உடம்பு சரியில்லையாம், நீர் கேட்க வேண்டாம் என்று இருக்கிறது. அந்த இன்னாரின் பேரன் இன்று அதே ஊரில் கடை வைத்திருக்கிறார். இதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் பதில் இல்லை, நம் புத்தியில்தான் இருக்கிறது. அந்தக் கார்டை நாங்கள் பட்டியலில் மட்டும் காட்டிவிட்டுப் படத்தை உள்ளேயே வைத்துக்கொண்டோம்.

சிற்றிதழ்கள் கண்ணுக்கு ஒல்லியாக இருக்கும், வேலை பூதம்போல. ஒரு 32 பக்க இதழில் பன்னிரண்டு பதினைந்து பேர் எழுதியிருப்பார்கள். சம்பளத்துக்கு வேலை பார்த்த பத்திரிகையாளர் எழுதியதென்றால் பத்திரிகையில் வெளியிடும் உரிமை உரிமையாளருக்கு. சிற்றிதழில் யாருக்குச் சம்பளம்? ஆகவே ஒவ்வொரு கவிதையும் அந்தந்தக் கவிஞருடையது. தொகுத்த உழைப்புக்கு இதழாசிரியருக்கு ஒரு உரிமை உண்டு, அவ்வளவே. அவர் "என் பத்திரிகை, தாராளமாகப் போடுங்கள்" என்று சொன்னால் பாதிக் கதவுதான் திறந்திருக்கிறது. நாங்கள் செய்தது இது. முதலில் எல்லா இதழ்களுக்கும் பொருளடக்கம் தயாரித்து வெளியிட்டோம். தலைப்பும் எழுதியவர் பெயரும் இதழ் எண்ணும் வெறும் தகவல், அதற்கு அனுமதி வேண்டாம். அதைப் பார்த்தே பாதிப் பேர் தாங்களாக வந்தார்கள். அனுமதி கிடைத்த பக்கங்களைத் திறந்தோம், மற்றவற்றை நூலகத்துக்கு நேரில் வந்து படிக்கும்படி வைத்தோம்.

வாரிசைத் தேடுவது பற்றிக் கேட்டீர்கள். ஒரு வீட்டுக் கதையைச் சொன்னால் போதும். 1978-இல் இறந்த ஒரு எழுத்தாளர், ஆறு புத்தகங்கள், உயில் கிடையாது. மூத்த மகள் வண்ணார்பேட்டையில். போனதும் காபி கொடுத்தார். டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். "எங்கப்பா எழுதுனதுல கரையான் தின்னது போக மிச்சம் இதுதான். நான் ஒருத்தி கையெழுத்துப் போட்டா போதும்லா?" என்று கேட்டார். போதாது. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்து, பதிப்புரிமை உட்பட, மனைவி, தாயார், மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் போகும். இந்த வீட்டில் அந்த மூத்த மகள் போக, ஒரு தம்பி சென்னையில், இன்னொரு தம்பி இறந்துபோய் அவர் மனைவியும் பிள்ளைகளும் கோயம்புத்தூரில். கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரே வாரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். சென்னைத் தம்பி மாட்டேன் என்றார். காரணம் புத்தகம் இல்லை. பூர்வீக வீட்டுக்காக வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. 'வாரிசு' என்ற சொல் உள்ள எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டால் அதை அக்கா கோர்ட்டில் காட்டிவிடுவார் என்று பயம். கடைசியில் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தோம், 'இக்கடிதம் கீழ்க்கண்ட ஆறு நூல்களை மட்டுமே குறிக்கும், வேறு எந்தச் சொத்துக்கும் இதனால் பாத்தியதை உண்டாகாது' என்று. போட்டார். மொத்தம் ஏழு மாதம்.

கிறிஸ்தவக் குடும்பமானால் 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம், முஸ்லிம் குடும்பமானால் ஷரியத்துப்படி பங்கு. பாளையங்கோட்டை, மேலப்பாளையம், காயல்பட்டினம் எழுத்தாளர்கள் உங்கள் பட்டியலில் கட்டாயம் இருப்பார்கள், ஒரே கணக்கை எல்லோருக்கும் போட்டுவிடாதீர்கள். தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நல்லது. சண்டை உள்ள வீட்டில் அது மட்டும் போதாது.

அனுமதிக் கடிதத்துக்கு மாதிரி கேட்டிருந்தீர்கள். வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்தில் வேண்டும். முத்திரைத்தாள் வாங்கியே ஆக வேண்டுமா என்பதில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தும் முகவரியும் வாங்கிக்கொள்வேன், தகராறு வாசம் அடித்தால் மட்டும் நோட்டரி. உள்ளே எழுத வேண்டியதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று வைத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இணையம் செங்கோட்டையோடு நிற்காது, ஆகவே 'உலகம் முழுவதும்' என்று எழுதுங்கள், 'பதிப்புரிமைக் காலம் முடியும்வரை' என்று எழுதுங்கள். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் கொடுத்த உரிமை காலாவதியாகும் என்றும் ஒரு விதி உண்டு. உங்களைப் போல ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்கேன் செய்யும் குழுவுக்கு அது பெரிய பள்ளம். 'ஓராண்டுக்குள் வெளியிடாவிட்டாலும் இந்த அனுமதி செல்லும்' என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது. பணம் தராவிட்டால் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். இது தனியுரிமை இல்லை, குடும்பம் நாளைக்கே வேறு பதிப்பகத்துக்கும் கொடுக்கலாம் என்ற வாக்கியத்தை மறக்காதீர்கள். பல வீடுகளில் இறுக்கத்தைத் தளர்த்தியது இந்த வாக்கியம்தான். தரவிறக்க விடலாமா, திரையில் மட்டும் படிக்க விடலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (யாரும் தனியாகக் கேட்காமலே எடுத்துப் பகிரலாம் என்ற பொது அனுமதி) விடச் சொன்னால், ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது என்பதைத் தமிழில் நிதானமாக விளக்கிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். 'எல்லாரும் படிக்கட்டும்' என்பவர்கள் பலர், 'எவனாவது அச்சடித்து விற்கட்டும்' என்று சொன்னவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

குடும்பத்தார் பதிப்பகத்தைக் கைகாட்டுவார்கள். பதிப்பகம் "எல்லா உரிமையும் எங்களிடம்" என்று சொல்லும். ஒப்பந்த நகலைக் கேளுங்கள். ஒரு பதிப்பகத்தின் வாய்ச்சொல்லை நம்பி நான் இரண்டு ஆண்டு ஒரு நூலைத் தொடாமல் இருந்தேன். கடைசியில் ஒப்பந்தத்தைப் பார்த்தால் ஒரே ஒரு பதிப்புக்கு, ஆயிரம் பிரதிக்கு என்று இருந்தது. எழுதிக் கொடுத்த காலத்தில் இல்லாத ஊடகத்துக்கு, ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, உரிமை போகாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. 1970-இல் போட்ட ஒப்பந்தத்தில் இணையம் எங்கே இருக்கும்? ஆனால் அந்தத் திருத்தம் அத்தனை பழைய ஒப்பந்தத்தையும் பின்னோக்கிப் பிடிக்குமா என்பது வாதத்துக்குரியது, ஒரு நூலுக்காகச் சண்டைக்குப் போகும் முன் வக்கீலிடம் காட்டுங்கள். பெரும்பாலும் நேரில் போய்ப் பேசினால் பதிப்பாளர்களே சம்மதிக்கிறார்கள், விற்காமல் கட்டிப்போட்ட புத்தகம் என்றால் இன்னும் சந்தோஷமாக.

கடைசியாக, ஆளே கிடைக்காத எழுத்து. சட்டத்தில் 31அ என்று ஒரு பிரிவு இருக்கிறது. எழுதியவர் இறந்துவிட்டார், அல்லது யாரென்றே தெரியவில்லை, அல்லது உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஒரு ஆங்கில நாளிதழில் அறிவிப்புக் கொடுத்துவிட்டு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு இதற்கென்று வாரியம் இருந்தது, 2021-க்குப் பிறகு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ராயல்டித் தொகையும் நிர்ணயித்துக் கட்டச் சொல்வார்கள். நாற்பது பக்கக் கவிதைத் தொகுதிக்கு இந்த வழியில் போன சிறு குழுவை நான் கண்டதில்லை. நடைமுறையில் எல்லோரும் செய்வது, 'உரிமையாளர் ஆட்சேபித்தால் நீக்கிவிடுவோம்' என்று கீழே ஒரு வரி போட்டுவிட்டு ஏற்றுவது. அந்த வரி மரியாதை, சட்டக் கவசம் இல்லை. அப்படித்தான் செய்யப் போகிறீர்கள் என்றால், தேடிய தடயத்தையாவது வையுங்கள். எந்த முகவரிக்கு என்றைக்கு ஸ்பீடு போஸ்ட் போட்டீர்கள், 'அப்படி யாரும் இல்லை' என்று திரும்பி வந்த உறை, ஊர் நாட்டாமையிடமோ பழைய அச்சகத்திலோ விசாரித்த தேதி. என்னிடம் அப்படித் திரும்பிய உறைகள் மட்டும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன.

கோப்புகளை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். இந்தியாவில் விடுபட்ட நூல் அமெரிக்காவிலும் விடுபட்டதாக ஆகாது. 1996 ஜனவரி 1 அன்று இந்தியாவில் உரிமை உயிரோடிருந்த நூல்களுக்கு அங்கே வெளியான நாளிலிருந்து 95 ஆண்டு என்று கணக்கு. 1948-இல் இறந்தவரின் 1940-ஆம் ஆண்டு நூல் இங்கே தாராளமாகக் கிடைக்கும், அங்கே கணக்குப்படி இன்னும் பூட்டில் இருக்கும். தமிழ் நூலுக்காக யாரும் அங்கே வழக்குப் போட்டு நான் கேள்விப்பட்டதில்லை என்றாலும், அங்குள்ள தளம் அதன் விதிப்படி நீக்கினால் கோபப்படாதீர்கள். ஒரு பிரதி இங்கேயும் இருக்கட்டும்.

எங்கே தொடங்குவது என்றால், அந்த அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகங்கள். சிந்து, கும்மி, கொலைச்சிந்து, ரயில் பாட்டு, ஆசிரியர் பெயர் இல்லாமல் காலணா அரையணாவுக்கு விற்றவை. அச்சான ஆண்டு ஏதாவது ஒரு மூலையில் இருந்து, 60 ஆண்டும் தாண்டியிருந்து, எழுதியவர் யார் என்று எங்குமே தெரியவரவில்லை என்றால் யாரையும் கேட்க வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் நனைந்த பெட்டி இரண்டில் ஒன்றில் இருப்பவையும் அவைதான். தாளுக்குத் தாள் நடுவே வெள்ளைத்தாள் வைத்து, வெயிலில் காட்டாமல், மின்விசிறிக் காற்றில் உலர்த்திவிட்டு வரும் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பியுங்கள். கார்டுக் கட்டை மட்டும் இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். எந்த வரிசையில் ஆசிரியர் கட்டி வைத்தாரோ, அந்த வரிசையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.